சூப்பர்வைசருக்கு எட்டு வால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் வரும். எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் இதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் வரும். இந்தப் பக்கம் வேலைக்கு வந்த பிறகுதான், "கனகலட்சுமி, நீ ஏன் எப்பப் பாத்தாலும் சண்டைக்கு நிக்கிற?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். நான் பேசுவதே அப்படித்தான். சண்டை போட்டால் அது வேறு மாதிரி இருக்கும்.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கார்களுக்கு வயர் கட்டும் லைனில் தரம் பார்ப்பது என் வேலை. பென்னலூரில் இந்திராணி அக்கா வீட்டு மாடி அறையில் மூன்று பேர் தங்கியிருக்கிறோம். நான் ஒன்று. தென்காசிக்காரி முப்பிடாதி இரண்டு. மூன்றாவது தேவிப்பிரியா. அவளுக்குச் சொந்த வீடு பக்கத்திலேயே வாலாஜாபாத்தில் இருக்கிறது. ஆனால் வீட்டில் நான்கு தம்பிகள், நைட் ஷிஃப்ட் முடிந்து போனால் கண்ணை மூட விடமாட்டார்கள் என்று எங்களோடு வந்து சேர்ந்துகொண்டாள்.

மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். ஒருத்தி பாயை விட்டு எழுந்தால் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தி அதில் படுப்பாள். வாரம் மாறினால் மூன்று பேருக்கும் சேர்ந்து மாறும், அதனால் யாரும் யாரையும் பிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. எட்டு மாதமாக ஒரே அறையில் இருந்தும் மூவரும் உட்கார்ந்து ஒரு வேளை சேர்ந்து சாப்பிட்டது கிடையாது. தேவிப்பிரியாவின் முகத்தைவிட அவள் கொடியில் காயப்போடும் நைட்டிதான் எனக்கு நன்றாகப் பழக்கம்.

அறையில் நான்காவதாக ஒருவர் உண்டு. அவர் பெயர் சூப்பர்வைசர்.

சூப்பர்வைசர் ஒரு பல்லி. வெளிநாட்டுப் பல்லி, கடையில் பில் போட்டு வாங்கியது. வாங்கியவர் எங்கள் லைனில் மெயின்டெனன்ஸ் பார்த்த ஹேமந்த். குஜராத்துக்கு மாற்றலாகிப் போகும்போது, "ரெண்டே ரெண்டு நாள் பாத்துக்கோங்க சிஸ்டர்" என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான்கு மாதம் ஆகிறது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ஒரு சாண் நீளம். மஞ்சள் உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி. வால் மட்டும் நன்றாகச் சாப்பிட்ட வீட்டுப் பிள்ளை மாதிரி கொழுகொழு என்று இருக்கும். இதற்குச் சுவரில் ஏறத் தெரியாது. நம்மூர்ப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. நாம் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கண்ணைச் சிமிட்டும். தான் ஒரு வேலையும் செய்யாது. பெயர் வைக்க நான் அதிகம் யோசிக்கவில்லை.

ஒருநாள் கம்பெனி பஸ்சில் இருந்து முப்பிடாதிக்குப் போன் போட்டு, "சூப்பர்வைசருக்குப் புழு தீந்துபோச்சு, நாலு வாங்கிப் போட்டுரு" என்றேன். பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன் சீட்டில் எங்கள் நிஜ சூப்பர்வைசர் உதயசூரியன் இருந்தார். அன்றைக்கு அவர் கேன்டீனில் சாப்பிடவே இல்லையாம்.

சிரிப்பு இருக்கட்டும். பி ஷிஃப்ட் முடிந்து நான் அறைக்கு வரும்போது ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள், ஒருத்தி வேலைக்குப் போயிருப்பாள். விழித்திருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பது இது மட்டும்தான். அம்மாவிடம் போனில் சொல்லாததை எல்லாம் இதனிடம் சொல்லியிருக்கிறேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டும்.

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை. மூடாதது நான்தான், ஆனால் அன்றைக்கு அதை ஒப்புக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் ஒவ்வொரு படியாகத் தொப்புத் தொப்பென்று கீழே இறங்கிப் போய், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சீரியல் பார்த்துக்கொண்டிருந்த இந்திராணி அக்காவின் இடது காலில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"பல்லி வுயுந்துடுச்சு!" என்று அக்கா போட்ட சத்தத்தில் தெருக்கோடி டீக்கடையில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள்.

"விழலக்கா, அது நடந்துதான் வந்துச்சு. இதுக்குச் செவுத்துல ஏறவே தெரியாது. ஏறத் தெரியாதது எப்படிக்கா விழும்?" என்றேன்.

"செவுரு ஏறத் தெரியாத பல்லி இன்னா பல்லி? அது பல்லி வேஷம் போட்ட வேற இன்னாவோ!" என்றாள் அக்கா. "த பாரு, காலண்டர் பின்னாடி பல்லி விழும் பலன் போட்ருக்கான். எடது காலுனா கஷ்டமாம். ஏறி குந்திகினா இன்னா பலன்னு போடவே இல்ல. போடாத வுட்ருக்கான்னா அது எம்மாம் பெரிய கஷ்டமா இருக்கும்!"

மறுநாள் காலை முதல் பஸ்சைப் பிடித்துக் காஞ்சிபுரம் போய், பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தாள். வந்ததும் நேராக மாடி ஏறினாள்.

"தோஷம் போயிடுச்சு. ஆனா தெனம் தெனம் காஞ்சிபுரத்துக்கு ஓடினு இருக்க என்னால ஆவாது. ஆயுத பூஜைக்குள்ள அது இந்த வூட்ட வுட்டுப் போவணும்."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. "அது போனா நானும் போவேன்!"

"போயேன்" என்றாள் அக்கா, ரொம்பச் சாதாரணமாக.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அதே கதிதான். எனக்குப் போக இடம் கிடையாது. லேடீஸ் ஹாஸ்டலில் பூனைக்குட்டிக்கே அனுமதியில்லை. ஆனால் சொன்ன வாயைத் திருப்பி எடுத்துக்கொள்ள எங்கள் ஊரில் யாரும் கற்றுத்தரவில்லை. முறைத்தபடியே நின்றேன். அக்கா இரண்டு படி இறங்கினாள், நின்றாள், திரும்பினாள்.

"இல்லாங்காட்டி ஒண்ணு பண்ணு. கெட்டியா ஒரு மரப்பெட்டி பண்ணி, முன்னாடி கண்ணாடி வெச்சு, அதுக்குள்ள போட்டு மூடு. பெரிய பெட்டியா இருக்கட்டும், பாவம், அதுவும் ஒரு ஜீவன்தானே. ஆனா த பாரு, ஆணி அடிக்கக் கூடாது."

வாடகைக்கு இருந்த எல்லோருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். அட்வான்ஸ் வாங்கும்போதே அக்கா சொல்லிவிடுவாள். எங்கள் அறையில் கண்ணாடி தரையில் சாய்ந்து நிற்கும், பொட்டு வைக்க நாங்கள் மண்டி போட வேண்டும். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும், காற்றடித்தால் தேதி மாறிவிடும்.

"அக்கா, அது செவுத்துக்குத்தான? இது மரப்பெட்டில்லா?"

"பெட்டி எங்க இருக்கப் போவுது? என் வூட்ல. அப்ப ஆணியும் என் வூட்லதானே கீது?"

"ஸ்க்ரூ போட்டுக்கிடட்டா?"

"ஸ்க்ரூன்னா இன்னா? தலைல கோடு போட்ட ஆணி."

பசை போட்டு ஒட்டலாம் என்றால், ஹேமந்த் போனில் அலறினார். பசை வாசனை சூப்பர்வைசருக்கு ஆகவே ஆகாதாம். ஆணி கிடையாது, ஸ்க்ரூ கிடையாது, பசை கிடையாது. எச்சில் தொட்டு ஒட்ட வேண்டியதுதான் பாக்கி.

சேரப்பணஞ்சேரியில் கதவு ஜன்னல் செய்யும் பாண்டுரங்கன் என்பவரின் பட்டறைக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. "பல்லிக்கு, ஆணியே இல்லாத பெட்டியா?" என்று பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, ஒரு துண்டுப் பலகையில் பென்சிலால் வரைந்து காட்டினார். ஒரு பலகையின் முனையில் புறா வால் மாதிரி விரிந்த வால்களாக வெட்ட வேண்டும். சேர வேண்டிய பலகையில் அந்த வால்கள் போய் உட்காரப் பொந்து வெட்ட வேண்டும். வால் பொந்தில் இறங்கினால் மூலை சேர்ந்துவிடும். ஒரு சின்ன ரம்பம், இரண்டு உளி, உளியைத் தட்ட ஒரு மரக் கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாம் கொடுத்தார். வாலாஜாபாத் ரோட்டில் பழைய பேக்கிங் பெட்டிகளைப் பிரித்து விற்கிற இடத்தில் பைன் பலகை வாங்கினேன். ஆயுத பூஜைக்குப் பதினாறு நாள் இருந்தது.

தனியாகச் செய்து முடிப்பதாகத்தான் நினைத்திருந்தேன். முதல் நாள் ஒரு கோடு போட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் இன்னும் மூன்று கோடு போட்டிருந்தது. மறுநாள் பார்த்தால் ஒரு பலகை அளவாக அறுத்து வைத்திருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை. அவர்களும் எதுவும் சொல்லவில்லை. எங்கே சொல்வது, பார்த்தால்தானே?

அதனால் ஒரு நோட்டுப் போட்டோம். கம்பெனியில் ஷிஃப்ட் மாறும்போது எழுதுவோமே, அதே மாதிரி. முடித்த வேலை, பாக்கி வேலை, கவனிக்க வேண்டியது என்று மூன்று கட்டம். எங்களுக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான்.

முப்பிடாதிக்குப் பல்லி என்றால் உயிர் போய்விடும். ஊர்ப் பல்லியைக் கண்டாலே குளிக்காமல் வெளியே ஓடி வருகிறவள். அவள் வேலை செய்யும்போது டப்பாவின் மேல் ஒரு துண்டு போர்த்துவாள். அந்தத் துண்டு நகர்ந்துவிடுமோ என்று அதற்கு மேல் போர்வை. கவனிக்க வேண்டியது என்ற கட்டத்தில் தினமும் ஒரே வரிதான் எழுதுவாள்: "அது என்னையவே பாக்கு."

முதல் வாரம் நன்றாகத்தான் போயிற்று. நான் பின்பக்கப் பலகையின் ஒரு முனையில் நான்கு வால் வெட்டினேன். கையில் மூன்று இடத்தில் வெட்டுக்காயம், ஆனால் வால் அழகாக வந்திருந்தது. நோட்டில், "மறுபக்கத்தையும் இதே மாதிரி வெட்டவும்" என்று எழுதிவிட்டுப் போனேன். அதே பலகையின் மறு முனையைச் சொன்னேன். முப்பிடாதிக்கு அது இதோடு சேர வேண்டிய பலகை என்று புரிந்தது. பொந்து வெட்ட வேண்டிய பலகையை எடுத்து, அளவு பிசகாமல், என்னைவிட அழகாக நான்கு வால் வெட்டி வைத்துவிட்டாள்.

மொத்தம் எட்டு வால். ஒரு பொந்துகூட இல்லை.

"யாருட்டி இப்படி வெட்டுனது? கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று நோட்டில் எழுதினேன்.

பதில் எட்டு மணி நேரம் கழித்து வந்தது. "நீ எழுதுனதத்தான் வெட்டுனேன். உன் எழுத்து கோழி கிண்டுன குப்பை மாதிரி இருக்கு."

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. படிக்கத் தெரியாதவளுக்கு எழுத்து கோணலாம்."

அதற்குப் பதில் வர இன்னும் பதினாறு மணி நேரம். இப்படியே சண்டை மூன்று நாள் நடந்தது. கோபத்தை ஆறவிடாமல் எட்டு மணி நேரம் வைத்திருப்பது லேசான வேலை இல்லை, பஸ்சில் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனேன். நான்காம் நாள் தேவிப்பிரியா சிவப்புப் பேனாவில் எழுதியிருந்தாள்: "ரெண்டு பேரும் மூடுங்க. தப்பு எழுதுனவ மேல. இவ ஒயுங்கா எழுதிருந்தா அவ ஒயுங்கா வெட்டிருப்பா."

ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி. நாள் முழுக்க அடுத்தவள் கட்டிய வயரில் தப்புக் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான். என் தப்பு என் கண்ணில் படவில்லை. இதை நோட்டில் எழுதவில்லை, ஆனால் முப்பிடாதியின் அழுக்குத் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டேன். அவளுக்குப் புரிந்திருக்கும்.

முப்பிடாதி வெட்டிய நான்கு வாலையும் அறுத்துத் தள்ளிவிட்டு, அந்த முனையில் தேவிப்பிரியா பொந்து வெட்ட ஆரம்பித்தாள். பெட்டி மூன்று அங்குலம் குட்டையானது. அந்த வாரம்தான் இந்திராணி அக்கா வெள்ளையடிக்க அளவு பார்க்கிறேன் என்று மாடிக்கு வந்து, படியில் கிடந்த நோட்டை எடுத்துப் படித்துவிட்டாள்.

நான் பாயில் படுத்திருந்தேன். கதவுக்கு வெளியே அக்காவின் குரல், எழுத்துக்கூட்டி, நடுங்கி நடுங்கி வந்தது.

"'எட்டு வால் வெட்டியாச்சு. நாலு வால் சரியில்லை, அறுத்துத் தூக்கிப் போட்டாச்சு. மிச்சம் இருக்கிற வாலை நாளைக்கு நல்லாத் தேய்த்து, பொந்துக்குள்ள தட்டி எறக்கவும்.' அடிப்பாவிங்களா!"

கதவு படாரென்று திறந்தது. "பல்லி வோணாம்னுதானே சொன்னேன்? வால வெட்டச் சொன்னேனா? எட்டு பல்லியா வெச்சினு கீறீங்க? காஞ்சிபுரத்துல பல்லிய தங்கத்துல பண்ணி வெச்சுக் கும்புடுறாங்க, நீங்க என் வூட்டு மாடில குந்திகினு அறுக்கிறீங்களாடி?"

எனக்குத் தூக்கக் கலக்கம். "அக்கா, அது புறா வாலு" என்று சொல்லிவிட்டேன்.

"புறாவையுமா!"

அதற்கு மேல் பேசினால் போலீஸ் வரும் என்று டப்பாவைத் திறந்து காட்டினேன். சூப்பர்வைசர் கொழுத்த வாலைச் சுருட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்து ஒரு சிமிட்டு சிமிட்டியது. அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"ஒரு வால் கீது. மீதி ஏழு?"

பலகைகளை எடுத்துக் காட்டினேன். அறுத்துப் போட்ட நான்கு மர வாலையும் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தாள், நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள். ஆனாலும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை போலிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது கீழேயிருந்தே கத்துவாள்.

"ஏ பொண்ணு! வால் கீதா?"

"கீதுக்கா!" என்று மூன்று பேரில் யார் அறையில் இருக்கிறோமோ அவள் கத்த வேண்டும்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது நான்கு மூலையும் சேர்ந்தன. ஒவ்வொரு மூலையிலும் அங்கங்கே நூலிழை இடைவெளி, ஆட்டினால் லேசாகக் கிறீச் என்றது. முன்பக்கம் கண்ணாடி நகர்வதற்குக் காடி என்கிற பள்ளம் கிழித்து, கண்ணாடியும் மாட்டியாயிற்று. அன்று சாயங்காலம் பிடித்த மழையில் ஜன்னலைச் சாத்த அறையில் ஆள் இல்லை. சாரலில் பெட்டி நன்றாக நனைந்து ஊறிப்போனது. மறுநாள் துடைத்துப் பார்த்தால் மரம் உப்பி, இடைவெளியெல்லாம் அடைந்திருந்தது. தேவிப்பிரியா நோட்டில், "மழைக்கு நன்றி" என்று எழுதினாள்.

பூஜையன்று எல்லாக் கம்பெனிக்கும் லீவு. முந்தின நாளே மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எட்டு மாதத்தில் முதல் முறையாக மூன்று பேரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு அறையில் இருந்தோம். நோட்டில் அப்படிச் சண்டை போட்டவள் முப்பிடாதி, நேரில் பார்த்தால் வெட்கப்படுகிறாள். அவள் கன்னத்தில் மச்சம் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காலையிலேயே அக்கா வந்து உளி, ரம்பம், கொட்டாப்புளி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனாள். கீழே கூடத்தில் விளக்குக்கு முன்னால் அரிவாள்மணை, கத்தரிக்கோல், மிக்சி, டிவி ரிமோட் இவற்றோடு எங்கள் உளியும் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது. பூஜை முடிந்து கற்பூரம் காட்டியதும் அக்கா மாடிக்கு வந்தாள். கையில் மாம்பழ பொம்மை. அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்குமே, காந்தம் வைத்த பிளாஸ்டிக் மாம்பழம், அது.

"ஆணி இல்லன்னு வாயால சொன்னா ஆச்சா? செக் பண்ணணும் இல்ல?"

தரம் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும், தரம் பார்க்க வருகிற இன்னொருத்தியின் பயங்கரம்.

மாம்பழம் முதல் மூலையில் இறங்கியது, ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுமில்லை. நான்காவது மூலையில், மேலிருந்து ஒரு சாண் கீழே, டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அக்கா கையை எடுத்தாள். மாம்பழம் விழவில்லை. மரப்பெட்டியில் காய்த்த மாதிரி நின்றது.

"அது நாங்க அடிச்சதில்லக்கா!" என்று கத்தினேன். "பேக்கிங் பெட்டிப் பலகை, பிரிக்கையில ஆணி உள்ள முறிஞ்சிருக்கும். சப்ளையர் தப்புக்கா அது, எங்க தப்பு இல்ல!"

"எவன் அடிச்சா இன்னா? ஆணி ஆணிதான். எடு. இல்லாங்காட்டி பல்லிய எடு. இன்னைக்குள்ளனு சொன்னா இன்னைக்குள்ளதான்."

"சரி, அந்த உளியக் குடுங்க. மூலையத் தட்டிப் பிரிச்சு, அஞ்சு நிமிசத்துல எடுத்துருதேன்."

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பூஜைல வெச்ச ஆயுதத்த இன்னைக்கே எடுப்பியா நீ? நாளைக்குக் காலைல புனர்பூஜ பண்ணாதான் தொடணும். ரிமோட்ட வெச்சுட்டு சீரியல் பாக்காம நானே குந்திகினு கீறேன்! கையால பிரி."

வேறு வழி? கண்ணாடியை உருவி ஓரமாக வைத்தோம். நானும் முப்பிடாதியும் ஒரு பலகையைப் பிடித்தோம், தேவிப்பிரியா எதிர்ப்பலகையைப் பிடித்தாள். இழுத்தோம். மூலை அசையவில்லை. தேவிப்பிரியா மட்டும் பெட்டியோடு எங்கள் பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தாள். சுவரில் காலை உதைத்துக்கொண்டு மறுபடி இழுத்தோம். எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பெட்டியில் ஒரு கிறீச் சத்தம்கூட இல்லை.

"இன்னாடி துன்றீங்க மூணு பேரும்?" என்று அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். "நவுரு. நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்."

அவளும் தேவிப்பிரியாவும் அந்தப் பக்கம், நானும் முப்பிடாதியும் இந்தப் பக்கம். அக்கா ஒன்று, ரெண்டு என்று எண்ணினாள். மூன்று என்றதும் நான்கு பேரும் மொத்த உயிரையும் கொடுத்து இழுத்தோம். தேவிப்பிரியாவின் கை வழுக்கியது. பெட்டி எங்கள் மேல் வந்து விழுந்தது. இந்திராணி அக்கா தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாம்பழம் மட்டும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு எல்லாம் போயிற்று என்று தோன்றியது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், ஒரு கையில் பை, ஒரு கையில் டப்பா.

அக்கா இடுப்பைத் தேய்த்துக்கொண்டே மூலையைத் தடவிப் பார்த்தாள். "ஏண்டி, ஒரு பல்லிக்காவா இம்மாம் பாடு? ரெண்டு வாரமா தூக்கத்த வுட்டு, கையெல்லாம் அறுத்துகினு?"

நான் வாயைத் திறப்பதற்குள் முப்பிடாதி பேசிவிட்டாள். பெட்டிக்கு அடியில் கால் மாட்டியிருக்க, முகமெல்லாம் சிவந்துபோய்க் கத்தினாள்.

"பல்லி கெடக்கு சவம்! அதக் கண்டாலே எனக்குக் கொல நடுங்கும். பல்லி போனா தானும் போவேன்னு இவ அன்னைக்கு உங்ககிட்ட சண்ட போட்டால்லா? நான் போர்வைக்குள்ள முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். இவ கோட்டிக்காரி, சொன்னா போயிருவா. அதுக்குத்தான் வெட்டுனேன்."

"எனக்கு மட்டும் இன்னா, பல்லி மேல லவ்வா?" என்றாள் தேவிப்பிரியா. "முப்பிடாதி எனக்கு அன்னிக்கே போன் பண்ணி அயுதா. பல்லி யாருக்கு வோணும்? இந்தக் கோவக்காரி இல்லனா அந்த ரூம்ல எவ இருப்பா?"

எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினால் கை பெட்டிக்கு அடியில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்து முப்பிடாதி சிரித்தாள், அவள் சிரித்ததைப் பார்த்து எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். மாம்பழத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். தேவிப்பிரியாவின் தோளைப் பிடித்து மெதுவாக எழுந்து நின்றாள்.

"எங்கிருந்தோ வந்துச்சு, வந்து ஒட்டிகிச்சு. இஸ்துப் பாத்தும் வரல. இருந்துட்டுப் போவட்டும் வுடு" என்றாள். சொன்னது ஆணியைத்தான், ஆனால் பார்த்தது எங்கள் மூன்று பேரை.

சூப்பர்வைசரை உள்ளே விட்டுக் கண்ணாடியைக் காடியில் நகர்த்தினேன். முப்பிடாதி கண்ணை இறுக மூடிக்கொண்டு கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீய சுண்டல் கீது, பாயசம் கீது" என்று படியில் இறங்கிக்கொண்டே அக்கா சொன்னாள். "சீக்கிரம் வாங்க. மூணு எல போட்டுர்றேன்."